சென்ட் ஓஎஸ் 7 சர்வரை உபுண்டுவுக்கு மாற்றுவது: ஐபி மாறாமல், தரவு போகாமல்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தமிழ்ப் புத்தகங்கள் விற்கும் தளம் ஒன்று கிளவுட் சர்வரில் ஓடுகிறது. 2 கோர், 4 ஜிபி ரேம், 80 ஜிபி டிஸ்க், அட்டைப் படங்களுக்கென்று தனியாக 100 ஜிபி வால்யூம் (கூடுதலாக மாட்டிய டிஸ்க்). உள்ளே சென்ட் ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ், பக்கங்களை வழங்கும் அப்பாச்சி, தளத்தின் கோடை ஓட்டும் பிஎச்பி 5.4, தரவை வைத்திருக்கும் மரியாடிபி. கன்ட்ரோல் பேனலில் ‘ஓஎஸ் மாற்று’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி உபுண்டு 24.04 என்ற வேறொரு லினக்ஸைப் போட்டால் கோப்புகள் இருக்குமா, போகுமா? பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே இந்த ஐபியை (சர்வரின் இணைய முகவரி எண்) மட்டும்தான் ஏற்கிறது, அது மாறிவிடுமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு பொத்தானைப் பற்றிய கேள்வி. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, மாற்றிய பிறகு ஏதாவது ஓடாமல் போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா என்பது. அதற்கு ‘உண்டு’ என்று உறுதியாகச் சொல்ல முடிகிற வரை அந்தப் பொத்தான் பக்கம் போக வேண்டாம். (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.)

நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொத்தானை அழுத்தினால் 80 ஜிபி டிஸ்க்கில் உள்ள எல்லாம் போய்விடும். வீட்டுக் கணினியில் விண்டோஸ் 10-ஐ 11 ஆக்கும்போது கோப்புகள் அப்படியே இருப்பதைப் பார்த்துப் பழகியதால் இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நடப்பது வேறு. நிறுவனம் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் ஓஎஸ் இமேஜை உங்கள் ரூட் டிஸ்க்கின் (ஓஎஸ் இருக்கும் அந்த 80 ஜிபி) மேல் அப்படியே எழுதுகிறது, அல்லது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறது. டிஜிட்டல் ஓஷன், லினோட், ஹெட்ஸ்னர் ஆகியவற்றில் இதன் பெயர் ‘ரீபில்ட்’. அலிபாபா கிளவுடில் ‘சிஸ்டம் டிஸ்க் மாற்றம்’. பெயர் எதுவானாலும் பழைய ரூட் டிஸ்க்கில் இருந்தது திரும்பி வராது. பொது ஐபி, கோர், ரேம், மாதக் கட்டணம் இவை அப்படியே இருக்கும். தனியாக மாட்டிய வால்யூமை ரீபில்ட் தொடாது. ஆனாலும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதை அன்மவுண்ட் செய்து (ஓஎஸ்ஸிலிருந்து பிரித்து), பேனலிலும் கழற்றி வைத்துவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். அவசரத்தில் தவறான டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும் வாய்ப்பே இருக்காது.

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது பேக்கப் விஷயம். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து முழு நகல்) பொதுவாகத் தனியாக நிற்கும். தானியங்கி பேக்கப் அப்படியல்ல. ஹெட்ஸ்னரில் அது சர்வரோடு கட்டப்பட்டது, சர்வரை அழித்தால் பேக்கப்பும் அழியும். அலிபாபாவில் டிஸ்க் விடுவிக்கப்படும்போது தானியங்கி ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போக வேண்டுமா என்பதற்குத் தனி செட்டிங் உண்டு. உங்கள் நிறுவனத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆகவே சப்போர்ட்டிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: ரீபில்ட் செய்தால் ஏற்கெனவே உள்ள ஸ்னாப்ஷாட் இருக்குமா? ரீபில்ட் செய்யும்போது எங்கள் சொந்த ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுக்க முடியுமா? இரண்டாவது கேள்வியின் பதிலை வைத்துத்தான் கீழே சொல்லும் முறை முழுதும் நிற்கிறது.

சென்ட் ஓஎஸ் 7-ஐ விட்டு வெளியேறுவதில் யோசிக்க எதுவும் இல்லை. 2014-இல் வந்தது, 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இணைப்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 என்பதால் டிஎல்எஸ் 1.3 என்ற புதிய மறையாக்க முறை கிடையாது. அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.17 என்பதால், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 18-இன் அதிகாரபூர்வ பைனரி ஓடாது, அதற்கு 2.28 வேண்டும். போகுமிடம் உபுண்டுதானா என்பதைத்தான் ஒருமுறை யோசிக்க வேண்டும். இருக்கும் இடத்திலேயே மேலேற்ற வேண்டுமானால் ஆல்மாலினக்ஸ் திட்டத்தின் ‘எலிவேட்’ கருவி உண்டு. ரெட் ஹேட்டின் ‘லீப்’ கருவியை அடிப்படையாகக் கொண்டது. 7-இலிருந்து 8, பிறகு 9 என இரண்டு தாவல். டிஸ்க் அழியாது, ஐபியும் மாறாது. கேட்க இனிக்கும். ஆனால் இபெல், ரெமி போன்ற வெளி ரெப்போக்களிலிருந்து (பேக்கேஜ் களஞ்சியங்கள்) போட்ட பேக்கேஜ்கள் நடுவழியில் மாட்டிக்கொள்வது வழக்கம். பாதியில் நின்றால் சர்வர் 7-உம் இல்லை, 8-உம் இல்லை என்ற நிலையில் கிடக்கும். சிபேனல் என்ற ஹோஸ்டிங் பேனலைப் போட்டவர்களுக்கு அந்த நிறுவனமே இதற்கென ஒரு எலிவேட் ஸ்கிரிப்ட் தருகிறது, அவர்கள் அந்த வழியில் போவது சரி. சென்ட் ஓஎஸ்ஸிலிருந்து உபுண்டுவுக்கு இப்படி இருந்த இடத்திலேயே தாவும் வழி கிடையாது. பேக்கேஜ் முறையே வேறு. உங்கள் ஆட்களுக்கு பேக்கேஜ் நிறுவும் யம் கட்டளையும் எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு அமைப்பும் பழக்கம் என்றால் ஆல்மாலினக்ஸ் 9 நல்ல தேர்வு, 2032 மே வரை ஆதரவு உண்டு. உபுண்டு 24.04-க்கு வழக்கமான ஆதரவு 2029 வரை. பழைய பிஎச்பி தேவைப்படும் என்பதால் உங்கள் விஷயத்தில் உபுண்டுவுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முறை இதுதான். பழைய சர்வரைத் தொடாமல், அதே நிறுவனத்தில், அதே ரீஜனில், உபுண்டு 24.04-உடன் இரண்டாவது சர்வர் ஒன்றை எடுங்கள். தளத்தை அதில் முழுமையாக ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியான பிறகு அந்தச் சர்வரை ஸ்னாப்ஷாட் எடுத்து, பழைய சர்வரில் ரீபில்ட் அழுத்தும்போது வெறும் உபுண்டு இமேஜுக்குப் பதில் இந்த ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஐபி பழையதாகவே இருக்கும். உள்ளே வருவது நீங்கள் ஏற்கெனவே சோதித்த ஓஎஸ். டிஜிட்டல் ஓஷன், ஹெட்ஸ்னர் இரண்டிலும் இது முடியும். கவனிக்க ஒன்று உண்டு: சோதனைச் சர்வரின் டிஸ்க் 80 ஜிபியோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். 160 ஜிபி டிஸ்க்கில் எடுத்த ஸ்னாப்ஷாட், உள்ளே 20 ஜிபிதான் இருந்தாலும், 80 ஜிபி சர்வரில் இறங்காது. மணிக்கணக்கில் கட்டணம் என்பதால் ஒரு வாரம் வைத்திருந்தாலும் பெரிய செலவில்லை.

ஐபியையே பிரித்து நகர்த்த முடிகிற இடங்களில் ரீபில்டே தேவையில்லை, புதிய சர்வருக்கு ஐபியை மாற்றிவிடலாம். அமேசானில் எலாஸ்டிக் ஐபி அப்படித்தான். வெளியே போகும் போக்குவரத்தும் அதே ஐபியில் போவதால் கேட்வேக்கு வித்தியாசம் தெரியாது. ஹெட்ஸ்னரில் பிரைமரி ஐபியை, சர்வரை நிறுத்திவிட்டு, அதே இடத்திலுள்ள இன்னொரு சர்வருக்கு மாற்றலாம். டிஜிட்டல் ஓஷனில் ஒரு குழி இருக்கிறது. ரிசர்வ்டு ஐபி (ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக்கூடிய ஐபி) உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் வேலை செய்யும். உங்கள் சர்வர் வெளியே அழைக்கும்போது அதன் சொந்த ஐபிதான் மறுமுனையில் தெரியும். ரூட்டிங்கில் ஆங்கர் கேட்வேயை (ரிசர்வ்டு ஐபி வழியாக வெளியே அனுப்பும் வாசல்) போட்டால்தான் ரிசர்வ்டு ஐபி தெரியும். தளம் திறக்கும், பணம் மட்டும் போகாது, காரணமும் லேசில் பிடிபடாது. பேமென்ட் கேட்வே ஐபியைப் பார்த்து அனுமதிப்பதால் உங்களைப் போன்றவர்களைத்தான் இது அடிக்கும்.

இப்போது எடுத்துச்செல்ல வேண்டியவை. வேலை தொடங்கும்போதே யம் ஓடாது என்பதைப் பார்ப்பீர்கள், ‘மிரர்லிஸ்ட் முகவரி கிடைக்கவில்லை’ என்று சொல்லும். ரெப்போ கோப்புகளில் மிரர்லிஸ்ட் வரிகளை முடக்கிவிட்டு, பேஸ்யூஆர்எல்-ஐ, பழைய பதிப்புகளை வைத்திருக்கும் சென்ட் ஓஎஸ்ஸின் ‘வால்ட்’ முகவரிக்குத் திருப்பினால் ஆர்சிங்க் (கோப்புகளை வேறு சர்வருக்கு நகலெடுக்கும் கருவி) போன்றவற்றை நிறுவிக்கொள்ளலாம். தளத்தின் கோப்புறை, அப்பாச்சியின் விர்ச்சுவல் ஹோஸ்ட் கோப்புகள், பிஎச்பி ஐஎன்ஐ, லெட்ஸ் என்கிரிப்ட் (தளத்தின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்) கோப்புறை முழுதும், ரூட் உட்பட ஒவ்வொரு பயனரின் கிரான்டேப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்), ஹோம் கோப்புறைகள், ஆப்ட் கோப்புறையில் யாராவது எப்போதோ போட்டுவைத்தவை, இவை எல்லாம் வேண்டும். மறந்துபோவது பெரும்பாலும் கிரான்டேப்தான். அது செட்டிங் கோப்புகள் இருக்கும் ஈடிசி-யில் இல்லாமல் வார் ஸ்பூல் கிரான் கோப்புறையில் இருப்பதால் கண்ணில் படாது. ஆர்சிங்க்கை ஆர்கைவ் ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் கோப்புறையில் சிம்லிங்க்குகள் (வேறு கோப்பைச் சுட்டுபவை) நிறைய. அவை அப்படியே போகாவிட்டால் சான்றிதழ் புதுப்பித்தல் உடையும். சான்றிதழைத்தான் புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரே பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழ் என்று வரம்பு உண்டு, சோதனையிலேயே அதைத் தீர்த்துவிட்டு முக்கியமான இரவில் கைபிசைய வேண்டிவரும்.

செய்யக் கூடாத ஒன்று, ஈடிசி கோப்புறையை மொத்தமாக எடுத்துப் புதியதன் மேல் கொட்டுவது. பழைய எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்ற பட்டியல்) வந்து விழுந்தால் இல்லாத டிஸ்க்கைத் தேடி பூட் நிற்கும். பழைய பாஸ்வேர்ட் கோப்பு வந்தால் உபுண்டுவின் சிஸ்டம் பயனர்கள் காணாமல் போவார்கள். தேவையான கோப்பை மட்டும் திறந்து பார்த்து, வரிவரியாக மாற்றி எழுதுவதுதான் வழி.

டேட்டாபேஸில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், சேதம் அதிகம் வருவது இங்கேதான். டேட்டாபேஸ் கோப்புகள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் கோப்புறையை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். மரியாடிபி 5.5-இலிருந்து 24.04-இல் வரும் 10.11-க்கு அது நேரடிப் பாதையல்ல. தரவை ஒரே கோப்பாக எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் போட்டு, உங்கள் டேட்டாபேஸை மட்டும், சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன், ரூட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் ஆப்ஷன்களுடன் எடுங்கள். சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன் இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டுமே சீரான நகல் தரும். பழைய தளங்களில் மைஐசாம் என்ற பழைய வகை டேபிள்கள் கலந்திருக்கும், ஆகவே கடைசி டம்ப் எடுக்கும்போது தளத்தை மூடியிருக்க வேண்டும். ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற பெயரிலுள்ள சிஸ்டம் டேபிள்களை எடுத்துப்போகாதீர்கள். 10.4-இலிருந்து அங்கே யூசர் என்பது டேபிளாக இல்லை, வியூவாக (வேறு டேபிளில் உள்ளதைக் காட்டும் தோற்றம்) மாறிவிட்டது. மேலே கொட்டினால் லாகினே உடையும். ஒவ்வொரு பயனருக்கும் ஷோ கிராண்ட்ஸ் (அனுமதிகளைக் காட்டும் கட்டளை) போட்டு, வருவதைப் புதிய சர்வரில் இயக்குவது போதும்.

உங்கள் தளம் தமிழில் இருப்பதால் எழுத்துக் குறியாக்கத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பழைய பிஎச்பி தளங்கள் பலவற்றில் டேபிள் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம்) என்று இருக்கும், கனெக்‌ஷனும் லத்தீன்1, ஆனால் உள்ளே போனது யுடிஎஃப்-8 பைட்டுகள். இரண்டு பக்கமும் ஒரே தவறு என்பதால் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருக்கும். புதிய சர்வரில் கனெக்‌ஷன் யுடிஎஃப்8எம்பி4 (டேட்டாபேஸில் முழு யுடிஎஃப்-8-இன் பெயர்) ஆனதும் குட்டு வெளிப்படும்: தலையில் கோடிட்ட சின்ன ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரும். நகர்த்துவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் உள்ள ஒரு புலத்தை எடுத்து அதற்கு கேர்-லெங்த் (குறிகளின் எண்ணிக்கை), லெங்த் (பைட்டுகளின் எண்ணிக்கை) இரண்டையும் கேளுங்கள். ‘தமிழ்’ என்பது யூனிகோடில் 5 குறிகள் (த, ம, இகர விசிறி, ழ, புள்ளி), ஒவ்வொன்றும் 3 பைட். 5, 15 என்று வந்தால் சரியாக இருக்கிறது. 15, 15 என்று வந்தால் லத்தீன்1 டேபிளுக்குள் யுடிஎஃப்-8 உட்கார்ந்திருக்கிறது. 15, 30 என்று வந்தால் இரண்டு முறை குறியாக்கம் ஆகிவிட்டது. நடுவில் சொன்ன 15, 15 நிலைக்கு மருந்து: டம்ப்பை டிஃபால்ட்-கேரக்டர்-செட் லத்தீன்1 என்றும், ஸ்கிப்-செட்-கேர்செட் என்றும் கொடுத்து எடுங்கள். அந்தக் கோப்பில் டேபிள் வரையறைகளில் உள்ள லத்தீன்1 என்பதை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கி, யுடிஎஃப்8எம்பி4 கனெக்‌ஷனில் ஏற்றுங்கள். டம்ப் கோப்பைத் திறந்தால் உள்ளே தமிழ் தமிழாகவே தெரிய வேண்டும், அதுவே அடையாளம். மூன்றாம் நிலை கலப்படமாக இருப்பது அதிகம், சில வரிசைகள் கெட்டும் சில நன்றாகவும் இருக்கும். அதை மொத்தமாக மாற்ற முயலாமல், கெட்ட வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்த வேண்டும்.

மரியாடிபியிலிருந்து மரியாடிபிக்கே போங்கள். மைஎஸ்க்யூஎல் 8-க்குப் போனால் ரேங்க், குரூப்ஸ் போன்ற சொற்கள் ரிசர்வ் ஆகியிருக்கும். பூஜ்ய தேதிகளையும் அது ஏற்காது. மரியாடிபியிலும் ஒரு மாற்றம் கட்டாயம் தட்டும். 5.5-இல் எஸ்க்யூஎல் மோட் (தவறான தரவை எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பது என்ற செட்டிங்) காலியாக இருந்தது, 10.2-இன் காலத்திலிருந்து ஸ்டிரிக்ட். எண் புலத்தில் வெற்று எழுத்தைப் போட்டால் முன்பு சத்தமில்லாமல் 0 ஆக்கிக்கொள்ளும், இப்போது பிழை காட்டி நிறுத்தும். தற்காலிகமாக மோடைக் காலியாக்கி ஓட்டலாம். ஆனால் அதை ஒரு குறிப்பில் எழுதிவைத்து, பிறகு கோடைத் திருத்தி ஸ்டிரிக்டுக்குத் திரும்புங்கள்.

பிஎச்பிதான் உண்மையான வேலை. பிஎச்பி திட்டம் 5.4-ஐ 2015-லேயே கைவிட்டுவிட்டது. அதன் பிறகு ரெட் ஹேட் போட்ட ஒட்டுகளில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. உபுண்டு 24.04-இல் வருவது 8.3. பழைய மைஎஸ்க்யூஎல்-கனெக்ட் வகைச் செயல்கூறுகள் 7.0-இல் நீக்கப்பட்டன, எம்கிரிப்ட் 7.2-இல், ஈச், கிரியேட்-ஃபங்ஷன் இரண்டும் 8.0-இல். தளத்தின் கோப்புறையில் கிரெப் (தேடும் கட்டளை) போட்டு மைஎஸ்க்யூஎல் அடிக்கோடு என்று தொடங்கும் அழைப்புகளை எண்ணுங்கள். பத்துப் பதினைந்து இடங்கள் என்றால் ஒரு வார இறுதியில் முடியும். முந்நூறு இடங்கள் என்றால் ஓஎஸ் மாற்றத்தையும் கோட் மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யத் துணிய வேண்டாம். உபுண்டுவுக்குச் சாதகம் என்று சொன்னது இதைத்தான். ஒன்ட்ரெய் சூரி நடத்தும் பிபிஏ-வில் (உபுண்டுவுக்கான தனிநபர் பேக்கேஜ் களஞ்சியம்) பிஎச்பி 5.6 முதல் புதியவை வரை பக்கத்தில் பக்கத்தில் நிறுவலாம். 5.6-இல் அந்தப் பழைய அழைப்புகள் எச்சரிக்கையோடு ஓடும். இது நிரந்தரத் தீர்வல்ல, ஆதரவு முடிந்த பிஎச்பிதான். ஆனால் ஓஎஸ்ஸை இப்போது மாற்றிவிட்டு, கோடை ஒவ்வொரு பகுதியாக 8.3-க்கு நகர்த்த அவகாசம் தருகிறது. எம்பிஸ்டிரிங், கர்ல், ஜிடி, எக்ஸ்எம்எல், ஜிப், இன்டில் எக்ஸ்டென்ஷன்களைத் தனித்தனியாகப் போட வேண்டும். எம்பிஸ்டிரிங் விட்டுப்போனால் தமிழ்த் தலைப்புகளைக் கையாளும் இடத்தில் தளம் நிற்கும். அப்லோடு வரம்பு 2 எம்பி என்ற இயல்பு நிலைக்குத் திரும்பியிருக்கும், பழைய ஐஎன்ஐ-யைப் பார்த்து மாற்றுங்கள்.

அப்பாச்சி இரண்டிலும் 2.4-தான், பெயர்கள்தான் வேறு. எச்டிடிபிடி என்றது இங்கே அப்பாச்சி2. அப்பாச்சி என்ற பயனர் இங்கே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ஆர்சிங்க் பெயரைப் பார்த்து உரிமையை மாற்றும். அப்பாச்சி என்ற பெயர் உபுண்டுவில் இல்லாததால் கோப்புகள் 48 என்ற வெறும் எண்ணின் பெயரில் நிற்கும், தளம் எழுத முடியாமல் திணறும். சோன் கட்டளையால் உரிமையை மாற்றினால் தீரும். முகப்பு மட்டும் வந்து உள்பக்கமெல்லாம் 404 என்றால் ரீரைட் மாட்யூல் போடவில்லை, அல்லது அலோ-ஓவர்ரைடு ‘நன்’ என்று இருக்கிறது. இன்னொன்று, கேட்வே நிறுவனங்களின் பழைய மாதிரி கோடில் சிஏ சான்றிதழ்க் கோப்பின் (நம்பகமான சான்றளிப்போர் பட்டியல்) பாதையை நேரடியாக எழுதியிருப்பார்கள். சென்ட் ஓஎஸ்ஸில் அது பிகேஐ கோப்புறையில், உபுண்டுவில் எஸ்எஸ்எல் கோப்புறையில், வேறு பெயரில். கர்ல் பிழை 77 வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

சோதனைச் சர்வரில் தளத்தைப் பார்க்க டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபியோடு இணைக்கும் பதிவு) தொட வேண்டாம். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளத்தின் பெயரையும் சோதனைச் சர்வரின் ஐபியையும் ஒரு வரியில் எழுதினால் உங்களுக்கு மட்டும் புதியது தெரியும். அதற்கு முன் அங்கே கிரானை நிறுத்துங்கள், மெயில் அனுப்புவதையும் நிறுத்துங்கள். உண்மையான தரவின் நகல் அது. நிறுத்தாவிட்டால் இரவு 12 மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு இரண்டிரண்டு நினைவூட்டல் போகும், சம்பந்தமில்லாத ஆர்டர்களுக்கு அறிவிப்பு போகும். பணம் செலுத்தும் பகுதியை இங்கே முழுதாகச் சோதிக்க முடியாது, ஐபி வேறு என்பதால் கேட்வே மறுக்கும். கேட்வேயின் சாண்ட்பாக்ஸ் (சோதனைத் தளம்) அழைப்பவரின் ஐபியைப் பார்க்காது என்றால் அதில் பாருங்கள். இல்லையென்றால் சோதனைச் சர்வரின் ஐபியையும் சில நாட்களுக்குச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன் சில விஷயங்கள். நெட்பிளான் (நெட்வொர்க் செட்டிங்) கோப்பில் ஐபியைக் கையால் எழுதியிருந்தால் நீக்குங்கள். ஸ்னாப்ஷாட் வேறு சர்வரில் இறங்கும்போது கிளவுட்-இனிட் (பூட் ஆகும்போது சர்வரை அமைக்கும் நிரல்) அந்தச் சர்வரின் ஐபியைத் தானே எழுதிக்கொள்ளும். கையால் எழுதியது குறுக்கே நின்றால் நெட்வொர்க்கே வராது. 100 ஜிபி வால்யூமுக்கான வரியை எஃப்எஸ்டேபில் இப்போதே சேருங்கள். ஆனால் டிஸ்க்கின் பெயரை எழுதாமல், பழைய சர்வரில் பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யுயுஐடியை (டிஸ்க்கின் மாறாத அடையாள எண்) எழுதுங்கள், நோஃபெயில் ஆப்ஷனையும் சேருங்கள். ஓஎஸ் மாறும்போது விடிபி என்றது எஸ்டிபி ஆவதுண்டு. நோஃபெயில் இல்லாமல் டிஸ்க் கிடைக்காவிட்டால் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வராது. நேர மண்டலத்தை ஆசியா-கொல்கத்தா என்று போடுங்கள். கிளவுட் இமேஜ்கள் யுடிசி-யில் வரும், அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டிய கிரான் காலை 7.30-க்கு ஓடும். ரேம் போதாதபோது உதவ 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று போடுங்கள், கிளவுட் இமேஜில் ஸ்வாப் பெரும்பாலும் இருக்காது. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போடுவதானால் எஸ்எஸ்எச்சை அனுமதித்த பிறகே எனேபிள் செய்யுங்கள்.

மாற்றும் இரவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தளத்தைப் பராமரிப்புப் பக்கத்துக்கு மாற்றி, கிரானை நிறுத்தி, கடைசி டம்ப்பை எடுத்து, சோதனைச் சர்வருக்கும் உங்கள் மடிக்கணினிக்கும் ஒவ்வொரு நகல் அனுப்புங்கள். அப்லோடு கோப்புறையை மறுபடி ஆர்சிங்க் செய்தால் மாறியவை மட்டும் போகும். பழைய சர்வரை ஷட்டவுன் செய்து, நின்ற பிறகு கடைசி ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஓடும்போது எடுத்தது மின்சாரம் போன கணத்தில் உறைந்த டிஸ்க் மாதிரி, பெரும்பாலும் மீளும், ஆனால் இந்த ஒருமுறை ‘பெரும்பாலும்’ போதாது. வால்யூமுக்கும் தனி ஸ்னாப்ஷாட் எடுங்கள், சர்வர் ஸ்னாப்ஷாட்டில் அது சேராது. வால்யூமைக் கழற்றி, ரீபில்ட் அழுத்தி, தயார் செய்த ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எஸ்எச் கீ தேர்வு செய்யும் கட்டம் வந்தால் விட்டுவிடாதீர்கள். எழுந்ததும் வால்யூமை மாட்டி, டிஸ்க்குகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே-யில் எஃப் ஆப்ஷனுடன் பார்த்து, மவுண்ட் செய்யுங்கள். ‘ஃபார்மேட் செய்து மாட்டவா’ என்று பேனல் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு சோதனைச் சர்வரிலிருந்து கடைசி டம்ப்பையும் கோப்புகளையும் இறக்குங்கள்.

எஸ்எஸ்எச் போட்டதும் ‘ஹோஸ்ட் அடையாளம் மாறிவிட்டது’ என்று பெரிய எச்சரிக்கை வரும். இந்த ஒருமுறை அது எதிர்பார்த்ததே, எஸ்எஸ்எச்-கீஜென்னில் பெரிய ஆர் ஆப்ஷனும் ஐபியும் கொடுத்துப் பழையதை நீக்குங்கள். கீ சரியாக இருந்தும் உள்ளே விட மறுத்தால் உங்கள் புட்டி (விண்டோஸிலிருந்து எஸ்எஸ்எச் செய்யும் மென்பொருள்) பழையதா என்று பாருங்கள். சர்வரிலுள்ள புதிய ஓப்பன்எஸ்எஸ்எச், ஷா-1 என்ற பழைய முறைக் கையொப்பத்தை ஏற்காது, 0.75-க்கு முந்தைய புட்டி ஆர்எஸ்ஏ கீக்கு அதை மட்டுமே அனுப்பும். எதுவுமே வராவிட்டால் பேனலின் வெப் கன்சோல்தான் கதவு. அது திறக்கிறதா, ரூட் பாஸ்வேர்ட் கையில் இருக்கிறதா என்பதை முந்தைய நாளே பார்த்துவைக்க வேண்டும்.

பராமரிப்புப் பக்கத்தை எடுப்பதற்கு முன் உள்ளிருந்தபடியே ஒரு புத்தகத்தை வாங்கிப் பாருங்கள், நிஜப் பணத்தில். ஐபி பழையது என்பதால் கேட்வே இப்போது ஏற்க வேண்டும். பணம் போனது, ஆர்டர் பதிவானது, கேட்வேயிடமிருந்து திரும்பி வரும் அறிவிப்பு வந்தது, மெயில் போனது, அட்டைப் படம் ஏற்ற முடிகிறது, தேடலில் தமிழ்ச் சொல் கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதில் அவசரப்படக் கூடாது. இங்கே திரும்ப முடியாத புள்ளி ரீபில்ட் பொத்தான் அல்ல, தளம் திறந்த பிறகு விழும் முதல் ஆர்டர். அதுவரை பழைய ஸ்னாப்ஷாட்டை மறுபடி ரீபில்டில் போட்டால் அரை மணியில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். முதல் ஆர்டருக்குப் பிறகு திரும்பினால் அந்த ஆர்டர்கள் தொலையும், அவற்றைப் பழைய 5.5 டேட்டாபேஸுக்குள் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே பின்வாங்குவதற்கு ஒரு நேரம் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்: உதாரணமாக, இரவு 11-க்குத் தொடங்கினால் 12.30-க்குள் பணம் செலுத்துவது ஓடவில்லை என்றால் திரும்பிவிடுவது, காரணத்தை மறுநாள் சோதனைச் சர்வரில் தேடுவது. திரும்புவதாக இருந்தால் வால்யூமைப் புதிதாக ஃபார்மேட் செய்திருக்கக் கூடாது. சென்ட் ஓஎஸ் 7-இன் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை உபுண்டு ஏற்கும். 24.04-இல் புதிதாக உருவாக்கியதை சென்ட் ஓஎஸ் 7-இன் 3.10 கர்னல் ஏற்காமல் போகலாம்.

இந்த முறை லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு. விண்டோஸுக்கு மாறுவதானால் லைசன்ஸ் கட்டணம் நுழைவதால் பல இடங்களில் ரீபில்டே அனுமதிக்காது. அமேசானில் ரூட் வால்யூம் மாற்றும் வசதிக்குப் புதிய இமேஜின் பில்லிங் விவரமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், அஸூரிலும் ஓஎஸ் வகை மாறாமல்தான் டிஸ்க்கை மாற்றலாம். ஆர்ம் வகைச் செயலி உள்ள சர்வருக்கு, எக்ஸ்86 வகைச் செயலியில் எடுத்த ஸ்னாப்ஷாட் எங்கேயும் இறங்காது. உங்கள் நிறுவனம் சொந்த ஸ்னாப்ஷாட்டை ரீபில்டில் அனுமதிக்கவில்லை என்று சொன்னால், வெறும் உபுண்டுவைப் போட்டு, சோதனைச் சர்வரில் செய்ததையெல்லாம் அங்கே மறுபடி செய்ய வேண்டும். முறை அதேதான், நேரம் இரண்டு மணிக்குப் பதில் நாலு ஐந்து ஆகும். அதனால் சோதனையின்போது அடிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதிக்கொண்டே போங்கள்.

சோதனைச் சர்வரை ஒரு வாரம் விட்டுவைத்துப் பிறகு அழியுங்கள். ஆஃப் செய்து வைத்தால் பில் நிற்கும் என்று நினைக்காதீர்கள். டிஜிட்டல் ஓஷனிலும் ஹெட்ஸ்னரிலும் நிறுத்திய சர்வருக்கும் முழுக் கட்டணம் ஓடும். பழைய சென்ட் ஓஎஸ் ஸ்னாப்ஷாட்டை மட்டும், மாதக் கடைசியில் ஓடும் கிரான்களும் ஒரு மாதக் கணக்கு முடிப்பும் புதிய சர்வரில் நடந்து முடியும் வரை, குறைந்தது 35 நாள் வைத்திருங்கள்.